பெட்டி எச்.டி., படம் எஸ்.டி.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு 43 அங்குல டி.வி. வந்து இறங்கியது. பதினெட்டு வருடம் உழைத்த 21 அங்குல டியூப் பெட்டியை இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதியதை ஒரே பையன் தனியாளாக மாடியேற்றிவிட்டான். சுவரில் மாட்டி, கேபிள் வயரைச் செருகி, ரிமோட்டை அழுத்தியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "ஏய்யா, பழைய பெட்டியில மூஞ்சி தெளிவால்லா தெரிஞ்சுது? இதுல எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்க மாதிரி இருக்கு."

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கண்ணைக் குறை சொல்ல வழியில்லை. நானும் பார்த்தேன். சீரியல் மாமியாரின் முகத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் எல்லைக்கோடே இல்லை. பட்டுப்புடவைக் கரை கொசகொசவென்று மிதந்தது. கீழே ஓடும் செய்தி வரியில் எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்த்தது. கடையில் இதே பெட்டியில்தான் மயில் தோகையின் ஒவ்வோர் இழையையும் எண்ணினோம்.

அடுத்த மூன்று வாரம் அந்தப் பெட்டியோடும் அதன் பின்னால் தொங்கும் வயர்களோடும் மல்லுக்கட்டியதில் பிறந்தது இந்த விமர்சனம். பெட்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. அந்த விலையில் கிடைக்கும் நாலைந்து பெட்டிகளில் எதை வாங்கியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

முதலில் கடை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. வரியோடு 28,000 ரூபாய்க்கு விற்ற பெட்டியில் கிட்டத்தட்ட 2,200 ரூபாய் குறைய வேண்டும். பழைய விலைச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசியது நல்லதாகப் போயிற்று. ஆனால் மயில் தோகையில் ஏமாந்தேன். கடைகளில் ஓடுவது பெட்டி கம்பெனிக்காரர்களே பென் டிரைவில் போட்டுக்கொடுத்த படம். பட்டப்பகல் வெளிச்சத்தில், அசையாத கேமராவில், மிக உயர்ந்த தரத்தில் எடுத்தது. உங்கள் வீட்டு கேபிளில் அந்த மயில் வராது. "அண்ணாச்சி, கேபிள் கனெக்‌ஷன்ல ஒரு சேனல் வைங்க" என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், போனில் நீங்களே எடுத்த வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கலாம். தெரிந்த முகம், தெரிந்த தெரு என்றால் நிறம் சரியா தப்பா என்று கண் உடனே சொல்லிவிடும்.

சரி, தண்ணிக்குள் நின்ற மாமியாருக்கு வருவோம். சாதாரண சேனல், அதாவது எஸ்.டி. சேனல், ஒரு படத்தை அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி என்று அனுப்புகிறது. பெருக்கினால் 4,14,720 புள்ளி. எங்கள் புதுப் பெட்டி 4கே. அதன் திரையில் 3840க்கு 2160, மொத்தம் 82,94,400 புள்ளி. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு வரும். திரையில் தெரியும் இருபது புள்ளியில் சேனல் கொடுத்தது ஒன்று. மிச்சம் பத்தொன்பதைப் பெட்டி அக்கம்பக்கம் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்புகிறது. ஒருபடி அரிசியில் ஊருக்கே கஞ்சி காய்ச்சினால் எப்படி இருக்கும்? பழைய டியூப் பெட்டிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அது அந்த 576 வரிக்காகவே செய்த பெட்டி. திரையும் சின்னது, குறையெல்லாம் அதற்குள் அடங்கிப் போனது.

எச்.டி. சேனல் அனுப்புவது 1920க்கு 1080. எஸ்.டி.யைப் போல ஐந்து மடங்கு. இந்த அளவும் 16க்கு 9 என்ற அகலத் திரையும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு ஆராய்ச்சியைத் தொடங்கியது. நம் தூர்தர்ஷன் 1982 ஆசிய விளையாட்டுக்குக் கலருக்கு மாறியது போல, 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்குத்தான் எச்.டி.யில் கால் வைத்தது. இங்கே டி.வி. ஒரு படி ஏற வேண்டுமென்றால் யாராவது ஓடவோ குதிக்கவோ வேண்டியிருக்கிறது.

ஆக, குறை பெட்டியில் இல்லை. பெட்டிக்குள் நுழையும் படத்தில். எச்.டி. டி.வி. வாங்கிவிட்டால் எச்.டி. வந்துவிடும் என்று நினைப்பது, குழாய் மாட்டியதும் தாமிரபரணியே வீட்டுக்குள் வந்துவிடும் என்று நினைப்பது மாதிரி. படம் கிளம்பும் இடத்திலிருந்து திரை வரை வழியில் நாலைந்து இடத்தில் அது சுருங்கலாம். எங்கள் வீட்டில் எல்லா இடத்திலும் சுருங்கியிருந்தது.

முதல் இடம் பெட்டியின் முதுகு. எட்டிப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை கொண்ட ஏ.வி. வயர். பழைய பெட்டியில் இருந்ததையே கழற்றி இதில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மஞ்சள் முனை வழியாக எச்.டி. போகவே போகாது; செட்டாப் பாக்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் போகாது. நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் எஸ்.டி. படத்தையே இன்னும் கொஞ்சம் கெடுக்கும். சிவப்புப் புடவை ஓரம் வழிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு மாற்றினேன். வழிசல் நின்றது, தண்ணீர் வற்றவில்லை.

கேபிள் வாங்கப் போன கடையில் தங்க முலாம் பூசியது என்று 1,500 ரூபாய்க்கு ஒன்றை நீட்டினார்கள். வேண்டாம். இதில் போவது டிஜிட்டல் சங்கதி. இரண்டு மீட்டர் தூரத்துக்கு, 'ஹை ஸ்பீடு' என்று போட்ட சாதாரண கேபிள் போதும். படம் வந்தால் முழுசாக வரும். கேபிள் சரியில்லை என்றால் திரை விட்டுவிட்டு இருண்டு போகும், பொறிப்பொறியாகத் தெறிக்கும். தங்கம் பூசினால் மயில் கூடுதலாகத் தோகை விரிக்காது.

இரண்டாவது இடம் செட்டாப் பாக்ஸ். வீட்டில் இருந்தது எஸ்.டி. பாக்ஸ். அதில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்ததாலேயே மச்சான் "இதுவே எச்.டி.தான்" என்று சாதித்தார். துளை இருப்பது வேறு, எச்.டி. சேனலைத் திறக்கும் திறமை வேறு. கேபிள்காரரிடம் சொல்லி, கூடக் கொஞ்சம் பணம் கட்டி எச்.டி. பாக்ஸாக மாற்றினோம். அவர் வந்தார், மாட்டினார், "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, இனி ஜோர்தான்" என்று பைக்கை உதைத்துவிட்டார். படம்? அப்படியேதான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி பாக்ஸின் மெனுவைக் குடைந்தபோது புரிந்தது. வீடியோ அவுட்புட் என்ற இடத்தில் 576 என்று வைத்திருந்தது. அதன் கீழே திரை வடிவம் 4க்கு 3. பாலை வாங்கித் தண்ணீர் கலந்து கொடுத்த கதை. உள்ளே எச்.டி. வந்தாலும் பாக்ஸ் அதை எஸ்.டி.யாகச் சுருக்கி டி.வி.க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1080ஐ என்றும், 16க்கு 9 என்றும் மாற்றினேன். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு எதுவும் இல்லை, ஒரு நிமிடம்தான். எச்.டி. பாக்ஸ் வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் இதை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். அதற்குப் பிறகு நான் போன இரண்டு உறவினர் வீட்டிலும் 576தான் இருந்தது.

அந்த 1080ஐ-யில் உள்ள 'ஐ' என்ன என்று கேட்பவர்களுக்கு: 1080 வரியையும் ஒரே மூச்சில் அனுப்பாமல், ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை என்று நொடிக்கு ஐம்பது தடவை மாற்றி மாற்றி அனுப்புவது. 'பி' என்றால் மொத்தமாக அனுப்புவது. நம் எச்.டி. சேனல்கள் ஐ ரகம். இரண்டு பாதியையும் தைத்து ஒன்றாக்குவது டி.வி.யின் வேலை. மலிவுப் பெட்டிகள் இந்தத் தையலில் சறுக்கும். வேகமாக ஓடும் எழுத்துகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி தெரியும். எங்கள் பெட்டி இதில் பழுதில்லை.

மூன்றாவது இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மா சேனல்களைப் பெயரால் அறிந்தவர் அல்ல, எண்ணால் அறிந்தவர். பழைய எண்ணை அழுத்தினால் பழைய எஸ்.டி. சேனல்தான் வரும். அதே சேனலின் எச்.டி. வடிவம் வேறொரு எண்ணில் இருக்கிறது. ஐந்தாறு புது எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதில் இரண்டு எண்கள் "இந்தச் சேனலுக்குச் சந்தா இல்லை" என்றன. எச்.டி.க்குத் தனிக் கட்டணம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2019-ல் நடைமுறைப்படுத்திய முறையிலேயே, அடிப்படைக் கட்டணத்துக்கான கணக்கில் ஓர் எச்.டி. சேனல் இரண்டு சேனலாக எண்ணப்பட்டது. தொகுப்பாக வாங்கும்போது ஒரே சேனலின் எஸ்.டி., எச்.டி. இரண்டுக்கும் பணம் போகிறதா என்று பாருங்கள். எங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. எஸ்.டி.யை வெட்டிவிட்டு, அம்மா பார்க்கும் ஆறு சேனலை மட்டும் எச்.டி.யில் எடுத்தோம்.

அதன் பிறகு வந்தது கந்த சஷ்டி. திருச்செந்தூர் சூரசம்ஹார நேரலை. இத்தனை நாள் அது எங்கள் வீட்டில் ஒரு மணல்நிறப் பரப்பும் நடுவில் அசையும் சப்பரமுமாகத்தான் இருந்தது. இந்த முறை கடற்கரைக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கும் அப்பனின் முகம் தெரிந்தது. சூரனின் தலை மாற்றும்போது பின்னால் நின்று தாங்குபவர்களின் கை நரம்பு தெரிந்தது. முருகனின் மாலையில் மல்லி எது, சம்பங்கி எது என்று அம்மா சொன்னார். ஒருமுறை கூடப் படத்தைப் பற்றிப் பேசவில்லை, மாலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். டி.வி. நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் எச்.டி. என்று மூலையில் போட்டதெல்லாம் எச்.டி. அல்ல. பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்த படத்தை எச்.டி. சேனலில் போட்டால் அது இஸ்திரி போட்ட கந்தல்தான். பாட்டுச் சேனல்களில் இது அதிகம். அடை மழைக் காட்சி, கிரிக்கெட்டில் புல்வெளி மீது கேமரா சுழல்வது, தீபாராதனைப் புகை, இந்த மூன்றிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று பாருங்கள். உடைந்தால், ஒரே குழாயில் நிறைய சேனலை அமுக்கி அனுப்புகிறார்கள் என்று பொருள். அதற்கு உங்கள் பெட்டி என்ன செய்யும்?

பழைய படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'பாசமலர்' ஓடிக்கொண்டிருந்தது; சாவித்திரி இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார், சிவாஜி குள்ளமாகிவிட்டார். 1961-ல் வந்த அந்தப் படம் கிட்டத்தட்ட 4க்கு 3 வடிவில் எடுத்தது. அதைத் திரை முழுக்க இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகிவிடுவார்கள். ரிமோட்டில் திரை வடிவத்தை மாற்றி இயல்புக்குக் கொண்டுவந்தேன். இருபக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. அம்மா முகம் மாறியது. "முழுப் பெட்டிக்கும்தானய்யா காசு குடுத்தோம்? ரெண்டு பக்கமும் சும்மால்லா கெடக்கு." தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' ஓடினால் மேலும் கீழும் பட்டை விழும், அப்போது என்ன சொல்வாரோ. இந்த வழக்கில் நான் தோற்றேன். அம்மா வீட்டில் சாவித்திரி இன்றுவரை பெருத்தேதான் இருக்கிறார்.

மற்ற அமைப்புகளில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியைப் பிரித்ததும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற நிலையில் இருக்கும். கடை வெளிச்சத்தில் பக்கத்துப் பெட்டியை வெல்ல வைத்தது அது; வீட்டுக்குள் வாழைப்பழம் எலுமிச்சை நிறமாகவும் மனிதர்கள் மஞ்சள் பூசியவர்களாகவும் தெரிவார்கள். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' நிலைக்கு மாற்றுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும். மூன்றாம் நாள் பழையதற்குப் போனால் கண் கூசும். 'ஷார்ப்னஸ்' என்பதைக் கூட்டினால் தெளிவு கூடாது, எல்லா ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு கூடும். பாதிக்கும் கீழே இறக்குங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, ஸ்கோர் எழுத்து பாதி மறைந்தால் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதாவது பெயரில் ஒரு வசதி இருக்கும், அதைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அசைவை வழுக்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 படம். டி.வி. தன் பங்குக்கு நடுநடுவே படங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. விளைவு, எவ்வளவு பெரிய படமும் மதியச் சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தூரம். இதைத்தான் வாங்கும் முன்பே அளந்திருக்க வேண்டும். எச்.டி.யின் நுணுக்கம் கண்ணுக்கு எட்ட வேண்டுமென்றால் திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது கணக்கு. 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். மும்மடங்கு என்றால் ஐந்தேகால் அடி. 32 அங்குலத்துக்கு நாலடி. 55 அங்குலத்துக்கு ஏழடிக்குக் கொஞ்சம் கீழே. நம் ஹால்களில் சோபா பின்சுவரை ஒட்டி, டி.வி. எதிர்ச்சுவரில்; இடையே பத்தடி. பத்தடியில் 32 அங்குலம் வைத்துக்கொண்டு எச்.டி.க்கு மாதாமாதம் பணம் கட்டுவது வீண். அம்மாவின் நாற்காலி ஒன்பதடியில் இருந்தது. ஏழடிக்கு நகர்த்தினேன். செலவில்லாமல் கிடைத்த இரண்டாவது முன்னேற்றம் இது. 43 அங்குலத்தில் 4கே என்பதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். அந்த நுணுக்கம் தெரிய மூன்றடியில் உட்கார வேண்டும்.

ஓ.டி.டி. பக்கம் கதை சுருக்கம். நெட்ஃபிளிக்ஸ் முழு எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் இது எட்டாத வேகமல்ல. வைஃபை இரண்டு சுவர் தாண்டி வரும்போதுதான் திணறும். முடிந்தால் லேன் வயரை நேராகச் செருகுங்கள். பழைய டி.வி.யை ஸ்மார்ட்டாக்குகிறேன் என்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'வைட்வைன் எல்1' என்ற காப்புரிமைப் பூட்டுக்கு அங்கீகாரம் இல்லாத பெட்டிகளில் முக்கியமான ஓ.டி.டி. தளங்கள் எஸ்.டி. மட்டுமே தரும். இணைய வேகம் நூறாக இருந்தாலும் அதுதான் கதி. மச்சான் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அவர் இன்னும் இணையத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒலி? விரல்கனத் திரையில் ஸ்பீக்கருக்கு ஏது வயிறு. டியூப் பெட்டியின் கனத்த குரலுக்குப் பழகிய அம்மாவுக்கு இது மூக்கால் பேசுவது போலிருக்கிறது. வசனம் புரிகிறது, நாதஸ்வரம்தான் பீப்பியாகிவிட்டது. சிறிய சவுண்ட்பார் ஒன்றை எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. துளையில் இணைத்தால் தீரும். பொங்கல் போனஸ் வந்ததும் பார்க்கலாம். மின்சாரத்தைப் பொறுத்தவரை எங்கள் தெருவின் ஏற்ற இறக்கத்தை இதுவரை தாங்கியிருக்கிறது. இடி இடித்தால் மட்டும் பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவிடுகிறோம்.

என் தீர்ப்பு: பெட்டிக்குப் பத்துக்கு ஏழரை. ஒரு மதிப்பெண் ஒலியில் போயிற்று, மிச்சம் பெட்டி வந்திறங்கிய அன்று இருந்த மஞ்சள் முகத்துக்கு. எச்.டி. சேனல் எடுக்கும் எண்ணமே இல்லாதவர்கள், எஸ்.டி. கேபிளோடு மட்டும் வாழப்போகிறவர்கள், 32 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். பெரிய திரை படத்தை இன்னும் கெடுத்துக் காட்டும்.

ஏற்கெனவே பெரிய பெட்டி வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே அதன் பின்பக்கம் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் முனை தெரிந்தால் கழற்றுங்கள். எச்.டி. பாக்ஸ் என்றால் மெனுவைத் திறந்து 576 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.